பண்ணையாளை அனுப்பச் சொன்ன வாரம்

எங்க தோட்டம் மல்லசமுத்திரத்துக்கு மேற்கே. இந்தப் பக்கம் அவங்கவங்க காட்டுக்குள்ளதான் அவங்கவங்க குடியிருப்பு. ஒரு வீட்டில் கத்தினால் அடுத்த வீட்டுக்குக் கேட்காது. மகன் போர்வெல் வண்டியோடு வடக்கே இருக்கிறான். இங்கே நானும் வீட்டுக்காரரும்தான். பின்னால் கோழிக்கொட்டாயில் ஒரிசாவிலிருந்து வேலைக்கு வந்த புருசன் பெண்டாட்டி.

சில தோட்டம் தள்ளி, தனியா இருந்த வயசான ரெண்டு பேரை நகைக்காகக் கொன்னுட்டாங்க. அந்த அம்மாவைச் சந்தையில் பார்த்தால் பேசுவேன். அதுக்கு மேல் எழுத வரலை.

போலீஸ்காரங்க கூட்டம் போட்டுச் சொன்னாங்க. கேமரா வையுங்க, நகையை லாக்கரில் போடுங்க, வெளிமாநில ஆளுங்க விவரம் கொடுங்க. எல்லாம் நல்லதுக்குத்தான். மகன் ஆள் அனுப்பிக் கேமரா மாட்டினான். நான் தாலியை மஞ்சக் கயித்தில் கோத்துக்கிட்டேன். ஒரு விசேஷத்துக்குப் போனால் பாதிப் பொம்பளைங்க கழுத்தில் மஞ்சக் கயிறு. யாரும் யாரையும் ஏன்னு கேட்கலை.

விவரம் கேட்டதை எங்க சனம் விரட்டச் சொன்னதா எடுத்துக்கிச்சு. பக்கத்துத் தோட்டத்துக் கொழுந்தனார் வந்து, அவங்களை வச்சிருந்தா எங்களுக்கும் சேர்த்து ஆபத்துன்னு சொல்லிட்டுப் போனார்.

ஒரிசாக்காரனை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டாங்க. காலையில் போனவன் பொழுது சாயத்தான் வந்தான். அடிச்சாங்களான்னு கேட்டதுக்கு இல்லைன்னான். சோறு வேண்டாம்னுட்டான். அவன் பெண்டாட்டி துணிமணியைச் சாக்கில் திணிக்க ஆரம்பிச்சாள்.

வீட்டுக்காரருக்கு நிம்மதி. போகச் சொன்ன பாவம் நமக்கு வேண்டாம், அவங்களாவே கிளம்புறாங்கன்னார்.

"ஏனுங்க, போன ஐப்பசியில் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உழுந்தீங்களே. தூக்கிப் போட்டுக்கிட்டு ஓடினது அவன்தானுங்க. கேமராவா இருந்தா பார்த்துக்கிட்டு இருந்திருக்கும்."

நான் கொட்டாய்க்குப் போனேன்.

போகாம இங்கேயே இருங்க சாமின்னு அவள்கிட்டச் சொன்னேன். அவளுக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். "பயம், அம்மா" என்றாள்.

"எனக்குந்தான்."

"என்னைப் பார்த்தா?"

பொய் சொல்ல முடியலை. "ரெண்டு நாளா கொஞ்சம் இருந்துச்சு."

அவள் சாக்கை விட்டுட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "எனக்கும் உங்களைப் பார்த்து. போலீஸ்கிட்ட நீங்க என்ன சொன்னது, தெரியாது."

நல்லதைத்தான் சொன்னோம்னேன். நம்பினாளான்னு தெரியாது. சாக்கு அவிழ்ந்துச்சு. தவிட்டு மூட்டை கிடந்த முன்ரூமைக் கழுவிவிட்டு அவங்களை வீட்டுக்குப் பக்கத்திலேயே வச்சுக்கிட்டோம். கொழுந்தனார் வீட்டில் எங்களோட பேச்சு நின்னுபோச்சு.

பிறகு கொன்ன ஆள் பிடிபட்டான். ஒரிசாவும் இல்லை, பீகாரும் இல்லை. பக்கத்து ஊர்ப் பையன். தறி நின்ன பிறகு வேலை வெட்டி இல்லாமல் குடிச்சுட்டுத் திரிஞ்சவன். அந்தத் தோட்டத்திலேயே மரமேறித் தேங்காய் போட்டிருக்கிறான். அவன் கெட்டுப்போனது ஒரு நாளில் இல்லை. எத்தனையோ பேர் பார்க்கத்தான் கெட்டிருப்பான். அதுக்குக் கூட்டம் போட யாருக்கும் தோணலை. எனக்கும் தோணலை.

விளக்கு வைக்கிற நேரத்தில் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுவேன். கொஞ்ச நேரத்தில் முன்ரூமிலும் தாழ்ப்பாள் விழும். அதை நான் தப்பா நினைக்கிறதில்லை.