சட்டைக்குள் இரண்டு வருஷம்

வலது முலைக்காம்பின் அடியில் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டி. குளித்துவிட்டு ஈரத்தைத் துடைக்கும்போது வலித்தது. அடுத்த மாதமே இடப்பக்கமும் வந்தது. எனக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. பூதப்பாண்டிப் பக்கம் நெல் வியாபாரம், சாயங்காலமானால் சாராயம்.

எங்கள் பக்கத்தில் ஆண்கள் சட்டையோடு கோயிலுக்குள் போக முடியாது. அதனால் கோயிலுக்குப் போவதை நிறுத்தினேன். வீட்டிலும் சட்டையைக் கழற்றவில்லை.

"வேதத்துல சேந்துட்டியளாமே? ஊருல அப்பிடித்தான் பேசுகாவ" என்றாள் என் மனைவி பகவதி. பேசட்டும் என்று விட்டுவிட்டேன். முலை முளைத்தவன் என்பதற்குக் கிறிஸ்தவனாகிவிட்டான் என்பது எவ்வளவோ தேவலை. வெட்கத்தை மறக்க இன்னும் கொஞ்சம் குடித்தேன்.

கால் வீங்கி, வயிறு உப்பிய பிறகுதான் பகவதி வில்வண்டி பிடித்து மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். மகோதரம் (வயிற்றில் நீர் கோத்துக்கொள்வது) என்றார் டாக்டர். சட்டையைத் திறந்ததும் அவர் முகம் மாறியது.

"இது எப்பம் வந்தது வேய்?"

"ரெண்டு வருசமாச்சு."

"இவ்வளவு நாளும் என்ன செய்தீரு?"

"சட்டை போட்டேன்."

அவர் சிரிக்கவில்லை. ஆணுடம்பிலும் ஈஸ்ட்ரின் (பெண்மைக்குரிய சுரப்பு) கொஞ்சம் உண்டாம். சீமையில் சமீபத்தில்தான் கண்டார்களாம். அதைக் கல்லீரல்தான் கழிக்கிறது, ஈரல் கெட்டால் அது உடம்பில் தங்கி மார் தடிக்கும் என்று சிலர் எழுதுகிறார்கள், உறுதியாகத் தெரியாது என்றார். "ஆனா ஒம்ம ஈரல் கெடுகத நெஞ்சு முதல்லயே சொல்லியிருக்கு. அன்னைக்கே வந்து குடிய விட்டிருந்தா பாத்திருக்கலாம். இப்பம் எங்க கையில இல்ல."

திரும்பும் வழியில் பகவதியிடம், மறைத்துவிட்டேன் என்றேன்.

"எனக்கு மொத மாசமே தெரியும். நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன். ஆம்பிளைகிட்ட இத எப்பிடிக் கேக்க?"

முதலில் அவள்மேல் கோபம் வந்தது, பிறகு என்மேல். இப்போது கோபப்படத் தெம்பில்லை. இதை வாசிப்பவர்களில் யாருக்காவது மார் தடித்தால் டாக்டரிடம் சட்டையைக் கழற்றுங்கள். எனக்கு இனி அதனால் பயனில்லை.

எனக்கு இப்போது கிழமை கிடையாது. குழல் குத்தி நீர் இறக்கிய நாள், வயிறு மறுபடி இறுகும் நாள், இந்த இரண்டுதான். இடைவெளி பதினைந்து நாளாக இருந்தது, எட்டாகி, இப்போது ஐந்து. வயிற்றின்மேல் சட்டை ஏறாது, வெற்றுடம்போடு கிடக்கிறேன். பார்க்க வருகிறவர்கள் யாரும் என் மாரைப் பார்ப்பதில்லை. கண்ணைப் பார்க்கிறார்கள், எவ்வளவு மஞ்சளாகிவிட்டது என்று.