என்ஜினுக்கு அடியில் ஒரு தகடு

போன மழைக்காலத்தில், சேலையூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில் நடந்தது. வரிசையாகவே சொல்லிவிடுகிறேன்.

1. தெருவில் தண்ணீர் ஏறியதும் பெருச்சாளிகள் எங்கள் பக்கம் வந்துவிட்டன. அதில் ஒன்று அப்பாவின் காரில் புகுந்து ஒயரைக் கடித்துவிட்டது.

2. ஒயரை மாற்றிய மெக்கானிக், "அடியில ஃபுல்லா ஓபனா கீது மேடம், திரும்பவும் வரும்" என்றார்.

3. நான் மெக்கானிக்கல் என்ஜினியர். அளவெடுத்து, தாம்பரத்தில் அலுமினியத் தகடு வெட்டி வாங்கி வந்தேன். காற்றுப் போகச் சின்னத் துளைகள் போட்டேன். சனிக்கிழமை மாலை நானும் அப்பாவும் அதை என்ஜினுக்கு அடியில் போல்ட் போட்டு முடுக்கினோம்.

4. மறுநாள் காலை, ஒரு பூனை காரைச் சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தது.

எங்கள் குடியிருப்புப் பூனைதான். சில நாள் முன்புவரை வயிறு பெருத்திருந்தது, இப்போது ஒட்டிப்போயிருந்தது. குட்டிகளை என்ஜினுக்குள் போட்டிருந்து, நாங்கள் தகட்டை வைத்து அடைத்துவிட்டோமோ என்று எனக்குத் தோன்றியது.

பானட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். செல்போனைக் கம்பியில் கட்டி இறக்கி வீடியோவும் எடுத்தேன். ஒன்றும் தெரியவில்லை. உள்ளேயிருந்து சத்தமும் இல்லை. பூனை மட்டும் நகரவில்லை.

சர்ச்சுக்குக் கிளம்பி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் அப்பா வந்தார். "அது பசிக்குக் கத்துதும்மா. ஏறு, சர்வீஸ் ஆரம்பிச்சிடும்."

"பசின்னா எங்க வாசல்லதான் வந்து கத்தும் அங்கிள்" என்றார் மாடிப்படியில் நின்ற, மேல் வீட்டு அக்கா. அந்தப் பூனைக்குத் தினமும் சோறு வைப்பவர். "வெச்ச மீனைக்கூட மோந்து பாக்கல."

அப்பா சீட்டில் உட்கார்ந்து சாவியைச் செருகினார். நான் ஜன்னல் வழியே கையை விட்டு அதை உருவிக்கொண்டேன்.

"கழட்டிப் பாத்துடலாம்ப்பா."

"நேத்து பூரா முதுகு ஒடிய மாட்டினதையா?"

"ஆமா."

"என்ஜினியரைப் பெத்தா இதான். மாட்டவும் நான், கழட்டவும் நான்" என்று முணுமுணுத்துக்கொண்டே ஜாக்கியை எடுத்தார்.

போல்ட்டுகள் சுலபமாக வரவில்லை, அவ்வளவு இறுக்கியிருந்தேன். உள்ளே குட்டி இருந்தால் தகடு ஒரு பக்கம் சரிந்தாலும் நசுங்கிவிடும். "நான் தாங்கிக்கிறேன், நீ கழட்டு" என்று அப்பா அந்தச் சட்டையோடு ஈரத்தரையில் படுத்துத் தகட்டை உள்ளங்கைகளில் ஏந்திக்கொண்டார். கடைசி போல்ட்டைத் திருகும்போது, "ஏய், மெதுவா. என்னவோ அசையுது" என்றார்.

தகட்டை அங்குலம் அங்குலமாக இறக்கினோம். பம்பருக்குப் பின்னால், டார்ச் வெளிச்சம் எட்டாத மூலையில், இரண்டு குட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சுருண்டு கிடந்தன. கண்கூடத் திறக்கவில்லை. அதில் ஒன்றின் கால், என்ஜின் ஓடினால் சுற்றும் பெல்ட்டுக்குக் கீழே நீண்டிருந்தது. தாய்ப்பூனை எங்களை ஏறிட்டும் பார்க்காமல் ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு மாடிக்குப் போனது.

"தேங்க்ஸ்கூட சொல்லல பாரு" என்றார் அப்பா. சர்ச்சில் அன்று கடைசி வரிசையில்தான் உட்கார்ந்தோம். அவர் முதுகெல்லாம் சேறு.

தேடிப் பார்த்தும் கண்ணில் படாததை எல்லாம் இல்லை என்றே எடுத்துக்கொள்ளும் பழக்கம் எனக்கு இருந்தது. அன்றிலிருந்து, எல்லாம் சரிபார்த்த பிறகும் சாவியைத் திருப்புவதற்குள், உள்ளே ஏதாவது இருக்குமோ என்று மனம் ஒருமுறை அலைபாய்கிறது. அது அடங்க வேண்டாம் என்றே விட்டிருக்கிறேன். தகட்டின் ஒரு பக்கத்தில் இப்போது கீல் வைத்து, ஸ்பானர் இல்லாமலே திறக்கும்படி மாற்றியாகிவிட்டது. பெருச்சாளி வரவில்லை. குட்டிகள் மாடி அக்கா வீட்டில் வளர்கின்றன.