ஐந்து நாள் உப்பு

தூத்துக்குடியிலிருந்து தென்காசிக்கு வீடு மாற்றி வந்தபோது கட்டில், பீரோ, கிரைண்டரோடு கொஞ்சம் கடலையும் கொண்டு வந்தோம். அப்பாவின் இரண்டடி கண்ணாடித் தொட்டி அது. உப்புத் தண்ணீரில் மட்டுமே வாழும் மீன்கள் நான்கு அதில் இருந்தன. மற்றச் சாமான்களுக்கெல்லாம் ஓர் ஒழுங்கு வந்தது. தொட்டியை மட்டும் ஹால் மூலையில் வைத்ததோடு சரி. அப்பாவுக்குப் புது ஆபீஸ், அம்மாவுக்குப் பிரிக்காத அட்டைப் பெட்டிகள். இரண்டே மாதத்தில் கண்ணாடி முழுக்கப் பாசி ஏறி, உள்ளே இருப்பது மீனா இருட்டா என்று தெரியாமல் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு ஞானம் பிறந்தது. பழைய ஏடிஎம் கார்டால் பாசியைச் சுரண்டினார். நான் பழைய பல் பிரஷ்ஷால் கற்களைத் தேய்த்தேன். மூன்று மீன்கள் எப்போது போய்ச் சேர்ந்தன என்றே தெரியவில்லை. ஒன்று மட்டும், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்டது, கல் இடுக்கிலிருந்து எட்டிப் பார்த்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இதை மட்டும் சாகவிடக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். அப்போது எனக்கு எட்டு வயது.

தூத்துக்குடி என்றால் அப்பா கடற்கரைக்குப் போய்க் கேனில் தண்ணீர் பிடித்து வந்துவிடுவார். குற்றாலத்தில் எத்தனை அருவி விழுந்து என்ன, அத்தனையும் நல்ல தண்ணீர். அதனால் மீன்தொட்டிக்கென்றே விற்கும் உப்புத்தூளை வரவழைத்து, டிரம்மில் கரைத்து, உப்பின் அளவைக் காட்டும் ஒரு கருவியால் அளந்து அளந்து ஊற்றினார். மோட்டார் ஓடத் தொடங்கியது. சாரல் காலம். வெளியே மலை மேகத்துக்குள் போய்விடும். உள்ளே தொட்டியின் நீல வெளிச்சம் சுவரெல்லாம் அசையும். நானும் அத்தையும் தரையில் படுத்து அதையே பார்த்துக்கொண்டிருப்போம். மதியமா சாயங்காலமா என்பதுகூட மறந்துவிடும்.

அத்தை அப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருந்தாள். ஆலங்குளத்தில் போலீஸ் வேலையில் இருந்த ஒருவருக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை பூ வைக்க வருவதாக ஏற்பாடு. அத்தையிடம் சேலை என்ன நிறத்தில் வேண்டும் என்று கேட்டார்கள்.

வெள்ளிக்கு ஏழு நாள் இருக்கும்போது, அம்மா தூங்கிய மதியத்தில், அத்தை சமையலறையிலிருந்து இரண்டு கை நிறையக் கல் உப்பு அள்ளி வந்தாள். சங்கரன்கோவிலில் உப்பும் மிளகும் போட்டு வேண்டிக்கொள்வார்கள். உப்பு கரைவதுபோல மருவும் மற்றத் தொல்லைகளும் கரைந்துவிடும் என்பது நம்பிக்கை. ஏழு நாள் போட வேண்டும் என்றாள்.

"வீட்டுக்குள்ளயே கடலு கெடக்கு. சங்கரன்கோவிலுக்கு எதுக்குட்டி போணும்?"

மிளகு மிதந்து காட்டிக்கொடுத்துவிடும் என்று அதை மட்டும் விட்டுவிட்டாள். என்ன கரைய வேண்டும் என்று கேட்டேன்.

"கரையணும்னு மட்டும் நெனச்சுக்கோ. என்னதுன்னு கேக்காத."

எனக்கா தெரியாது? அத்தையின் கழுத்தில் ஒரு மரு இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வருவதற்குள் அது போக வேண்டும், அவ்வளவுதானே. கண்ணை மூடி மருவை நினைத்துக்கொண்டேன். திறந்தபோது உப்பு கரைந்து தண்ணீருக்குள் கண்ணாடி நூல் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. மீன் அதற்குள் புகுந்து புகுந்து வந்தது. அத்தையின் உதடுகள் நெடுநேரம் அசைந்தன.

அப்பா தினமும் அளந்து பார்த்து மண்டையைப் பிய்த்துக்கொண்டார். அளந்து போட்ட உப்பு எப்படி ஏறும்? கருவியைத் தட்டிப் பார்த்தார், விற்றவனைத் திட்டினார். கடைசியில் குற்றாலக் காற்றுதான் தண்ணீரை உறிஞ்சுகிறது என்று ஜன்னல்களை மூடச் சொன்னார். மூன்று நாளாகக் காயாத துணிகளுக்கு நடுவே நின்று அம்மா அதைக் கேட்டுச் சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் மாற்றிவிடலாம் என்று அப்பா விட்டுவிட்டார்.

ஆறாம் நாள் மீன் அடியில் ஒருக்களித்துக் கிடந்தது. செவுள் மட்டும் வேகமாக அடித்துக்கொண்டது. அத்தை உப்போடு வந்தாள். நான் தொட்டிக்கு முன்னால் நின்று மறித்தேன்.

"மீன் செத்துரும் அத்தை."

"இன்னும் ரெண்டே நாளுதான்ட்டி."

அவள் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை. போட்டால் அப்பாவிடம் சொல்லிவிடுவேன் என்றேன். அத்தை குனிந்து மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உப்பைத் திரும்பக் கொண்டுபோய் ஜாடியில் கொட்டினாள்.

"அதுவாவது நீந்திட்டுக் கெடக்கட்டும்," என்றாள்.

தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் மொண்டு வெளியே கொட்டிவிட்டு, அப்பா பிடித்து வைத்திருந்த நல்ல தண்ணீரை டம்ளர் டம்ளராக ஊற்றினாள். சாயங்காலம் வரை ஊற்றினாள்.

வெள்ளிக்கிழமை ஆலங்குளத்துக்காரர்கள் வந்து பூ வைத்துப் போனார்கள். ஆவணியில் கல்யாணம். தாலி கட்டும்போது மரு அப்படியே இருப்பதைப் பார்த்தேன். என்னால்தான் இரண்டு நாள் குறைந்தது என்று கொஞ்சம் குற்ற உணர்ச்சியாக இருந்தது. மாப்பிள்ளை அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை என்றதும் நிம்மதியாகப் பந்திக்குப் போய்விட்டேன்.

எனக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிய பிறகுதான், அத்தை கரைக்கப் பார்த்தது அந்தச் சம்பந்தத்தை என்று புரிந்தது. அண்ணனிடம் வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அந்தச் சாயங்காலம் அவள் ஊற்ற ஊற்ற நான்தான் டம்ளரை நிரப்பிக் கொடுத்தேன். மீன் மெல்ல நிமிர்ந்ததும் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, நாம் ஜெயித்துவிட்டோம் என்று சொன்னேன்.