மூன்றாம் மாடி, இடது பக்கக் கதவு

தேவ ஊழியத்துக்குக் கிளம்பும்போது லிஃப்ட்காரர் மனதில் ஒரு படம் இருந்தது. பெரிய மைதானம், கூட்டம், மேடையில் அவர், பக்கத்தில் பாட்டுப் புத்தகத்தோடு மனைவி. வாழ்நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் நின்று லிஃப்ட் பழுது பார்த்தவருக்கு ஓய்வு பெற்ற பிறகு மேடை ஆசை வந்ததில் தப்பொன்றும் இல்லை. "ரிட்டயர் ஆனவங்க காலை நீட்டி உக்காருவாங்க. நீங்க கடல் தாண்டிப் போறீங்களேப்பா!" என்று மகள் தலையில் அடித்துக்கொண்டாள். அவர் காதில் வாங்கவில்லை.

கடல் தாண்டி வந்து சேர்ந்ததும் கிடைத்தது தேவாலயத்துக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு துடைப்பம், பார்த்துக்கொள்ள ஒரே ஒரு ஆள்.

பல ஊர்ச் சபைகளை ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டிருந்த போதகர், காரில் ஒரு காலை வைத்துக்கொண்டே விவரம் சொன்னார். அந்த ஊர் மொழியைக் கணவன் மனைவி இருவரும் வகுப்பில் படித்துத்தான் வந்திருந்தார்கள் என்றாலும், அவர் நிறுத்தி நிதானமாகவே பேசினார். "நம்ம சபையில பழைய ஆள் ஒருத்தர். பாட்டுக்காரர்னுதான் எல்லாரும் கூப்பிடுவோம். தனியா இருக்காங்க, படி இறங்க முடியாது. முனையில இருக்கிற மஞ்சள் கட்டடம், மூணாவது மாடி, இடது பக்கக் கதவு. வியாழக்கிழமை தவறாம போயிடுங்க. யாருக்கும் தொந்தரவு வேண்டாம்னு வராதீங்கன்னு சொல்வாங்க, அதெல்லாம் கேக்காதீங்க. சபை தன்னை மறந்துடுச்சுன்னு மட்டும் அவங்க நினைச்சிடக் கூடாது."

கார் போய்விட்டது. "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றார் லிஃப்ட்காரர்.

"ஒருத்தருன்னா சும்மாவா? ஒருத்தரை ஒழுங்கா பாத்துக்கங்க, அப்புறம் ஆயிரம் பேரைப் பாக்கலாம்" என்றாள் மனைவி. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். நோயாளி என்று காதில் விழுந்தாலே புடவை முந்தானையை இழுத்துச் செருகிவிடுவாள்.

மஞ்சள் கட்டடத்தில் லிஃப்ட் ஓடவில்லை. வாசலில் தொங்கிய அட்டையைப் பார்த்ததுமே அவருக்குக் கை அரித்தது. மூச்சு வாங்க மூன்று மாடி ஏறி இடது பக்கக் கதவைத் தட்டினார்கள். வெகுநேரம் கழித்து ஒரு கிழவர் திறந்தார். சீவாத தலை, கசங்கிய சட்டை.

"சபையிலேருந்து வர்றோம்" என்றாள் மனைவி.

"வேண்டாம். வராதீங்க."

போதகர் சொன்னது அப்படியே பலித்துவிட்டதே என்று இருவருக்கும் ஒரே சந்தோஷம். சிரித்த முகத்தோடு உள்ளே நுழைந்துவிட்டார்கள். கிழவர் கதவைப் பிடித்தபடியே ஒதுங்கி நின்றார்.

அன்று முதல் வியாழக்கிழமை தவறவில்லை. அவள் அவருக்கு நகம் வெட்டினாள், தலை கழுவிவிட்டாள். லிஃப்ட்காரர் ஒழுகுகிற குழாயையும் ஆடுகிற மேசையையும் சரி செய்தார். கிழவர் ஊமைக்கோட்டான் மாதிரி உட்கார்ந்திருந்தார். ஒருமுறை அவள் ஆசையாக "பாட்டுக்காரரே" என்று கூப்பிட்டதற்கு, கிண்டல் செய்கிறாளோ என்பதுபோல் முறைத்தார். மனசு விட்டுப் போனவர் பாட வேண்டுமென்றால் முதலில் வேறு யாராவது பாட வேண்டும் என்று அவளே முடிவு கட்டிக்கொண்டு, தமிழில் சபைப் பாட்டுகளைப் பாட ஆரம்பித்தாள். அவள் பாடினால் மெட்டு ஒரு பக்கம் போகும், தாளம் ஒரு பக்கம் போகும். தாலி கட்டிய பாவத்துக்கு லிஃப்ட்காரர் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒருநாள் கிழவரே வாயைத் திறந்தார். "நீங்க எதுக்கு வர்றீங்க?"

"உங்களுக்காகத்தான். வேற யாரை எங்களுக்கு இங்க தெரியும்?" என்றாள் அவள். கிழவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அடுத்த வாரம் தலை சீவி, துவைத்த சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார்.

லிஃப்ட்காரருக்கு அரிப்பு அடங்கவில்லை. கட்டடக் காவலாளியைக் கெஞ்சிக் கூத்தாடி ஒரு வியாழக்கிழமை சாவியை வாங்கிவிட்டார். ஊழியத்துக்கு வந்த கணவனும் மனைவியும் ஒருவரை விட்டு ஒருவர் பிரியக் கூடாது என்பது சபையின் கட்டளை. அதற்கும் அவர் வழி கண்டுபிடித்தார். "கதவைத் திறந்தே வைம்மா. உன் பாட்டு என் காதுல விழுந்தா சேந்து இருக்கிற மாதிரிதான்."

கீழே லிஃப்டைத் திறந்து உள்ளே டார்ச் அடித்தார். பொத்தான்கள் வரிசையாக இருந்தன. அடியில் இருந்த பொத்தானில் தரைத்தளத்துக்கான 'ஜி' இல்லை. தன் ஊரில் எத்தனையோ பொத்தான்களை மாட்டிய கை, அந்த இடத்தைத் தடவிப் பார்த்தது. அங்கே 'ஒன்று' என்று இருந்தது.

"இது எந்த மாடி?" என்று காவலாளியைக் கேட்டார்.

"ஒண்ணு."

"தரைதானே இது?"

"தரைதான் ஒண்ணு. வேற எங்கேயிருந்து எண்ணுவாங்க?"

விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்: தரை ஒன்று என்றால், போதகர் சொன்ன மூன்றாம் மாடி தன் கணக்கில் இரண்டு. தேவாலயத்து அறைக்கு மாடி கிடையாது, இந்த ஊரில் வேறெங்கும் அவர்கள் மாடி ஏறியதும் கிடையாது. லிஃப்டிலேயே பிழைத்தவர் ஒரு மாடி கூடுதலாக ஏறியிருக்கிறார்! இத்தனை வாரமும் காலுக்குக் கீழே ஒரு உயிர் காத்துக் கிடந்திருக்கிறது. சபை மறந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டே கிடந்திருக்கும்.

முட்டி வலியை மறந்து ஓடினார். மேல் வீட்டுக்கு நேர் கீழே, இடது பக்கக் கதவு. தட்டக் கையை ஓங்கியவர் அப்படியே நின்றார்.

மேலே மனைவி பாடிக்கொண்டிருந்தாள். இந்தக் கதவுக்குள்ளிருந்தும் ஒரு குரல் வந்தது. தேய்ந்த குரல், ஆனால் சுருதி இம்மி பிசகவில்லை. மொழி வேறு, மெட்டு அதேதான். மனைவி வழி தவறிய இடத்திலெல்லாம் அந்தக் குரல் கூடவே போய், கையைப் பிடித்துத் திருப்பிக் கூட்டி வந்தது.

கதவு தாழிட்டிருக்கவில்லை. உள்ளே கட்டிலோடு கட்டிலாக ஒரு வயதான அம்மா படுத்திருந்தார். எதிரே, கட்டிலைப் பார்த்தபடி ஒரு நாற்காலி.

"அம்மா, மன்னிச்சிடுங்க. நாங்க தப்பான வீட்டுக்கு..."

"தெரியும். முதல் நாளே என் கதவைத் தாண்டி மேல போனீங்களே."

"ஒரு குரல் கொடுத்திருக்கலாமே!"

"கொடுக்கத்தான் வாயைத் திறந்தேன். அதுக்குள்ள மேல கதவு திறக்கிற சத்தம் கேட்டுச்சு. அவர் மனைவி இறந்ததுலேருந்து அந்தக் கதவு யாருக்கும் திறந்ததே இல்லை. ராத்திரி பூரா நடப்பாரு, என் தலைக்கு மேல. இந்த மனுஷன்கிட்ட யாரையாவது அனுப்பும் ஆண்டவரேன்னு தினமும் கேட்டேன். கடைசியில எனக்கு வந்தவங்களையே அனுப்பிட்டாரு. நான் திருப்பிக் கூப்பிடவா?" அம்மா மூச்சு வாங்கிச் சிரித்தார். "போதகர் போன்ல கேட்டாரு. வியாழக்கிழமை தவறாம வர்றாங்கன்னு சொன்னேன். பொய்யில்லையே? இப்பல்லாம் அவர் நடக்கிறதில்லை, தூங்குறாரு."

"இந்த நாற்காலி?"

அம்மா அதன் பக்கம் கண்ணைத் திருப்பினார். "வீட்டு வேலைக்கு வர்ற பொண்ணை வியாழக்கிழமை மட்டும் போட்டு வைக்கச் சொல்வேன்" என்றார். "ஒருவேளை இங்கயும் வருவீங்களோன்னுதான். மனசு கேக்கலை."

லிஃப்ட்காரர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். எந்த மேடையிலிருந்து பேசியும் முடியாத ஊழியத்தை, படுக்கையை விட்டு நகர முடியாத ஒருத்தி, கூரையைப் பார்த்தபடியே செய்து முடித்திருந்தாள். இப்படியும் ஒரு மனம் இருக்குமா என்று அவருக்குத் தாங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பிக் கத்தினார். "ஏம்மா! கீழே வா! சீக்கிரம் வா!"

மேலே பாட்டு நின்றது. மனைவியின் செருப்புச் சத்தம் தடதடவென்று படியில் இறங்கியது.

அம்மா திடீரென்று அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கண்கள் பழக்கத்தில் கூரைக்குப் போயிருந்தன.

"சத்தம் போடாதீங்க" என்றார். "கேளுங்க. பின்னாடியே அவரும் வர்றாரு."

நின்று, யோசித்து, மறுபடி ஒரு படி. லிஃப்ட்காரர் எழுந்து, நாற்காலியைக் கட்டிலுக்கு இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டு, வாசலைப் பார்த்துக் காத்து நின்றார்.