அப்னாவுக்கு அகப்படாத பெருக்கிகள்

நற்பிட்டிமுனை அப்னா உடும்புப்பிடிக்காரி. உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டிலே கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே முதுமாணிப் பட்டத்துக்கு ஆய்வும் எழுதினாள். ஊர் வயல்களுக்கு வாய்க்கால் தண்ணீரைப் பங்கிட ஆகச் சிறந்த வழி எது? அதுதான் ஆய்வு.

எந்த வயலுக்கும் இவ்வளவுக்குக் குறையக் கூடாது, வாய்க்காலில் இவ்வளவுக்கு மேல் ஓடாது என்பவையெல்லாம் கணக்கின் எல்லைகள். சிறந்த விடை நிற்கும் இடத்தில், அவை அதை நகரவிடாமல் தாங்கிப் பிடிக்க வேண்டும். எந்த எல்லை எவ்வளவு பலமாகத் தாங்குகிறது என்று சொல்லும் எண்ணுக்குப் பெருக்கி என்று பெயர். அப்னாவின் விடைக்கோ பெருக்கியே அகப்படவில்லை. கணினி அந்த எண்ணை எங்கும் நிற்காமல் ஏற்றிக்கொண்டே போனது. மூன்று கிழமை தலைகீழாக நின்றும் பலனில்லை. வழிகாட்டும் விரிவுரையாளர் சுலோஜனா முடிவாகச் சொல்லிவிட்டார்: “பெருநாளுக்கு முந்திச் சரிவராட்டி அந்த அத்தியாயத்த எடுத்துப்போடுங்க.” அது போனால் ஆய்வில் மிச்சம் முன்னுரைதான்.

நோன்புப் பெருநாளுக்கு இரண்டே நாள். ஊர் வழக்கப்படி திரைச்சீலை, விரிப்பு எல்லாம் துவைத்தாக வேண்டும். இரண்டு தென்னைகளுக்கு நடுவே கொடிக்கயிற்றைத் துளியும் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டினாள் அப்னா. நனைந்த விரிப்புகளைப் போட்டதும் கயிறு படீரென்று அறுந்தது. அவ்வளவும் மண்ணில்!

“என்ன புள்ள, கணக்கோட உள்ள கோவத்தக் கயித்துலயா காட்டுற?” என்று சிரித்தான் கணவன் றிபாத்.

அவள் அறுந்த கயிற்றைக் கையில் எடுத்துப் பார்த்தாள். கயிற்றின் ஒரு பாதி கிழக்கே இழுக்கிறது, மறுபாதி மேற்கே. பாரமோ கீழே இழுக்கிறது. நேராக நிற்கும் கயிறு எத்தனை பலமாக இழுத்தாலும் அந்தப் பாரத்தைத் தாங்காது; கொஞ்சம் தொய்ந்தால்தான் தாங்கும். அவள் போட்ட எல்லைகளும் இப்படித்தான் எதிரெதிரே விறைத்து நின்று, நடுவில் ஒரேயொரு புள்ளியை விட்டிருந்தன. பிறகு பெருக்கி எங்கிருந்து வரும்? பெருக்கியைத் தேடுமுன் எல்லைகளுக்குத் தாங்கும் தகுதி இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். அதைப் பார்க்காமல் விட்டிருக்கிறாள் மகராசி.

மண்ணில் கிடந்த விரிப்புகளை றிபாத்தின் தலையில் கட்டிவிட்டு உள்ளே ஓடினாள். எல்லைகளை இம்மியளவு தளர்த்திக் கணினியில் போட்டாள். பெருக்கிகள் வந்து நின்றன.

“மிஸ், விடை சரிதான். எல்லைகள் நிண்ட விதத்திலதான் கோளாறு” என்று போனில் மூச்சுவாங்க விளக்கினாள்.

சுலோஜனா முழுவதையும் கேட்டார். “ஓம், சரிதான். அப்ப அந்த அத்தியாயத்த எடுக்காதீங்க. அதையே முன்னுக்குப் போடுங்க.”

போனை வைத்ததும் அப்னா அழுதுவிட்டாள். மூன்று கிழமையாகத் தனக்குத்தான் மூளை மட்டு என்று நம்பிக்கொண்டிருந்தாள்.