பன்னிரண்டாவது கிளி

வடசேரி பொன்னுலிங்கம் ஆசாரிக்குப் பேச்சே வராது என்று ஊரில் சொல்வார்கள். வரும். மனைவி செத்த பிறகு வீட்டில் கேட்க ஆளில்லை, அவ்வளவுதான். வேலைக்குப் போன இடத்தில் முழக்கோலை நீட்டி அளப்பார், தலையாட்டுவார். சாயங்காலம் திரும்பிவந்து, காலையில் தானே வடித்து வைத்த சோற்றைத் தின்பார்.

கொல்லம் ஆண்டு 1102-இல் பூதப்பாண்டி பகவதியப்ப பிள்ளை அவருக்கு ஆளனுப்பினார். அக்காள் தங்கை பிள்ளைகளான மருமக்களுக்குச் சொத்து போகும் வழக்கத்தை மாற்றிப் புதுச் சட்டம் வந்திருந்த நேரம். நாஞ்சில் நாட்டில் வீட்டுக்கு வீடு பாகப்பிரிவினை. பிள்ளையின் தங்கை தாணம்மாள் குழந்தையில்லாத விதவை. அந்த வீட்டிலேயே பிறந்து அங்கேயே இருந்தவள். பாகம் பேசும்போது வார்த்தை தடித்து, “இனி ஒம்ம மொகத்துல முழிக்க மாட்டேன்” என்று அண்ணனிடம் சொல்லிவிட்டாள். கோபத்தில் சொன்னதுதான். ஆனால் அண்ணன் தங்கை இருவருக்கும் அப்பன் கொடுத்த வீம்பில் மட்டும் பாகம் சரிசமம். நடுக்கூடமான பட்டாசாலையை மறித்து மரத்தடுப்பு வைக்க முடிவாயிற்று. செங்கல் சுவர் என்றால் ஊர் சிரிக்குமாம். சித்திர வேலை என்றால் சிரிக்காதாம்.

ஆசாரி அயினிப் பலகையில் மூன்று மாதம் செதுக்கினார். படரும் கொடி, கொடியில் பன்னிரண்டு கிளிகள். வேலைப்பாடு அண்ணன் பக்கம், வெறும் முதுகு தங்கை பக்கம். வேலை முடியும் சமயம் தாணம்மாள் வந்து நின்றாள்.

“ஆசாரியாரே, சாமி வெளக்கு அவங்க பாகத்துக்குப் போச்சு. முப்பது வருசம் நான் ஏத்துன வெளக்கு. அது மட்டும் எனக்குத் தெரியணும்.”

ஆசாரி அவளைத் தரையில் உட்காரச் சொன்னார். கண் உயரத்தை அளந்து பலகையில் சுண்ணாம்புக் கோடு போட்டார். அந்த உயரத்தில் இருந்த கடைசிக் கிளிக்கு மட்டும் கண்ணைத் துளைத்துவிட்டார்.

பிள்ளை விரலை வைத்துப் பார்த்தார். “என்ன ஓய், ஓட்ட விழுந்து கெடக்கு?”

“கிளின்னா கண்ணு வேணும்லா.”

மற்றப் பதினொன்றுக்கும் வேண்டாமா என்று பிள்ளை கேட்கவில்லை.

அதன் பிறகு அந்தப் பக்கம் வேலை வரும்போதெல்லாம் ஆசாரி தாணம்மாளிடம் போய் ஒரு செம்பு மோர் குடிப்பார். அவளுக்கு எப்போதும் ஒரே ஆவலாதிதான்.

“நான் வந்து இருந்த ஒடனே வெளக்கு மறைஞ்சுபோகுது, ஆசாரியாரே. மைனி வேணும்னே துணிய வச்சு அடைக்கா. இதக்கூடப் பொறுக்கல்ல, பாத்துக்கிடும்.”

மைனி என்றது பிள்ளையின் மனைவி நீலம்மையை. அவள் அப்படிச் செய்யக்கூடியவள்தான் என்று ஆசாரியும் நம்பினார். நானாக இருந்தாலும் நம்பியிருப்பேன்.

ஏழாம் வருடம் பிள்ளை இறந்துபோனார். தாணம்மாள் முன்வாசல் வழியாக வந்து, அண்ணனின் கால்களை மட்டும் பார்த்து அழுதாள். சொன்ன சொல்லைச் சாவு வீட்டிலும் விடவில்லை. எனக்கு அவள்மேல் கோபம் வருவது அந்த இடத்தில்தான்.

பதினாறு கழிந்ததும் நீலம்மை ஆசாரியைக் கூப்பிட்டு, தடுப்பை எண்ணெய் போட்டுத் துடைக்கச் சொன்னாள். கடைசிக் கிளியின் தலைக்குமேல் திருநீறு கட்டியாக அப்பியிருந்தது.

“அது அவரு நெத்தி நீறு. சந்திக்கு வெளக்கு வச்ச ஒடனே இங்க தரையில இருந்து பலகையில நெத்திய வச்சுக்கிடுவாரு. மூட்டுவலியோட எதுக்கு இதுன்னு கேட்டா, ஒன் சோலியப் பாருன்னுருவாரு.”

ஆசாரி பதினொரு கிளிகளைத் துடைத்தார். பன்னிரண்டாவதைத் தொட மனம் வரவில்லை. வீட்டைச் சுற்றிக்கொண்டு தாணம்மாளிடம் போனார். அவர் நீளமாகப் பேசியது அன்றுதான்.

“துணி இல்லம்மா. அது ஒங்க அண்ணன் கண்ணு. மொகத்துல முழிக்க மாட்டேன்னு சொல்லிட்டீங்க. அதனால மொகத்தக் காட்டாம வந்து பாத்துக்கிட்டு இருந்திருக்காரு.”

விளக்கு வைக்கும் நேரமாகியிருந்தது. அண்ணன் இறந்த பிறகு முதல்முறையாகத் தாணம்மாள் தரையில் உட்கார்ந்து துளையில் கண்ணை வைத்தாள். சுடர் தெளிவாகத் தெரிந்தது. ஆசாரி கிளம்பவில்லை. அவருக்கும் போய்ச் சேர வேண்டிய இடத்தில் யாருமில்லை.

வெகுநேரம் கழித்து அவள் திரும்பாமலே கேட்டாள்.

“மறையவே மாட்டேங்குதே, ஆசாரியாரே?”