இன்னும் ஒரு மாதம் தாங்கும்

போன சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு என் கார் 'டக்' என்று ஒரு சத்தம் போட்டது. சாவியை மறுபடி திருப்பினேன். மறுபடியும் 'டக்'. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

அதற்கு ஐந்து நிமிடம் முன்னால்தான் தங்கை ஸ்டெல்லா போன் செய்திருந்தாள்.

"அண்ணே, மேக்கால கருகருன்னு கட்டிக்கிட்டு வருது. அந்த ரெண்டு படுதாவையும் எடுத்துக்கிட்டு ஒடனே கெளம்பு. எங்கிட்ட இருக்கிறது பாதி நெல்லுக்குத்தான் காணும்."

ஸ்டெல்லாவின் ஊர், நான் இருக்கிற பாபநாசத்திலிருந்து ஒன்பது கிலோமீட்டர். அவள் கணவர் சகாயராஜ் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். இந்த சம்பா, அவள் தனியாகச் செய்த முதல் சாகுபடி. நாற்று விட்டதிலிருந்து அறுவடை மிஷினுக்குச் சொல்லி வைத்தது வரை எல்லாம் அவள்தான். மாப்பிள்ளை ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: இந்த ஒரு போகம் பார்ப்போம்; சரியாக வரவில்லையென்றால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிடலாம்.

விளைச்சல் சரியாகத்தான் வந்தது. அறுத்த நெல் கொள்முதல் நிலையத்துக் களத்தில், டோக்கன் எண்ணுக்காக மூன்று நாளாகக் காத்துக் கிடந்தது. திறந்த வெளி. நனைந்தால் ஈரப்பதம் ஏறிவிடும், எடுக்க மாட்டார்கள். மறுபடி காய வைத்து, மறுபடி வரிசையில் நின்று... அதற்குள் முளை விட்டுவிட்டால்?

சரி, நெல்லை மூட வேண்டிய அவளுடைய படுதாக்கள் என் வீட்டில் ஏன் இருந்தன? நல்ல கேள்வி. போன வருடம் அவள் வீட்டில் ஒரு படுதாவை எலி கடித்துவிட்டது. "பொருளை வைத்துக்கொள்ளத் தெரியவில்லை உனக்கு" என்று சொல்லி, மிச்சம் இருந்த நல்ல படுதாக்கள் இரண்டையும் நான் வாங்கி வந்தேன். கழுவி, காய வைத்து, எட்டாக மடித்து, பரணில் ஏற்றினேன். மிக நன்றாக இருந்தன. ஒன்பது கிலோமீட்டர் தள்ளி.

இப்போது கார் வரலாறு. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பேட்டரிக்கு வயது நான்கு வருடம் ஐந்து மாதம். மூன்று மாதத்துக்கு முன் ஆயில் மாற்றப் போனபோது, மெக்கானிக் காதர் பாய் தானாகவே ஒரு மீட்டரை எடுத்து பேட்டரியில் மாட்டினார்.

"சும்மா இருக்கிறப்ப பன்னெண்டரை வோல்ட் காட்டுது சார். இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க பாப்போம்."

செய்தேன்.

"பாத்தீங்களா, ஒம்போதுக்குக் கீழ விழுந்துடுச்சு. இது போற பேட்டரி. மாத்திடுங்க."

"பன்னெண்டரை நல்ல அளவுதானே பாய்?"

"சும்மா உக்காந்திருக்கிறப்ப எல்லாரும் நல்லாத்தான் சார் இருப்பாங்க. மூட்டையத் தூக்கச் சொன்னாத்தான் தெரியும்."

சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றை எடுத்துப் போட யாருக்குத்தான் மனசு வரும்? உங்கள் வீட்டு மிக்ஸியைக் கேட்டுப் பாருங்கள். கைப்பிடியை ஒரு பக்கம் அழுத்திப் பிடித்தால்தான் சுற்றும். ஆனாலும் சுற்றுகிறதே!

நான் சும்மா இருக்கிற ஆள் இல்லை என்பது இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். கண்காணிப்பில் இறங்கினேன். மல்டிமீட்டர் ஒன்று வாங்கினேன். ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்ததும் அளந்தேன் — பன்னிரண்டரை, பன்னிரண்டரை, பன்னிரண்டே முக்காலே கூட ஒரு முறை. தினமும் காலை ஆறு நாற்பதுக்கு காரை ஸ்டார்ட் செய்து, மூன்று நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தினேன். பேட்டரி படுத்துவிடாமல் இருக்க இது நல்லது என்று என் எண்ணம். முதல் திருப்பிலேயே பிடித்ததா, இரண்டாம் திருப்பிலா என்று நோட்டில் குறித்தேன். மாதக் கடைசியில் முடிவு: 'இன்னும் ஒரு மாதம் தாங்கும்.' அடியில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு.

அடுத்த மாதக் கடைசியிலும் அதே முடிவு. அதே கோடு.

"டாக்டருங்க கூட இவ்வளவு நம்பிக்கையா எழுதித் தர மாட்டாங்க" என்றாள் மனைவி ரெஜினா, நோட்டை எட்டிப் பார்த்து. "அந்த பாய் சொன்னதக் கேட்டா என்னங்க?"

"ஆதாரம் வேண்டாமா ரெஜினா?"

ஆதாரம் சனிக்கிழமை வந்தது. 'டக்.'

ரெஜினா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் பாட்டுப் பயிற்சிக்குப் போயிருந்தாள். ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போன் செய்தேன் — முகூர்த்த நாள், எல்லாம் கல்யாண சவாரி. பின் சீட்டு நிறைய படுதா. முன் சீட்டில் நான். வாசலில் காற்று மாறியிருந்தது. மண்வாசனை வர ஆரம்பித்துவிட்டது.

கூச்சத்தை விட்டுவிட்டு காதர் பாய்க்குப் போன் செய்தேன்.

ஏழாவது நிமிடம் வந்து இறங்கினார். மொபெட்டின் முன்பக்கம் ஒரு பேட்டரி, தோளில் சிவப்பும் கறுப்புமாக இரண்டு கேபிள். "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று ஆரம்பிப்பார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

கேபிளை மாட்டினார். "அடிங்க சார்." கார் பிடித்துக்கொண்டது.

"பாய், இப்பவே புதுசு போட்டுடலாமா?"

"இந்த வண்டிக்கு உள்ள சைஸ் கடையிலதான் இருக்கு. எடுத்துட்டு வந்து மாட்டறதுக்குள்ள மழை வந்துடும். மொதல்ல நெல்லப் பாருங்க. ஒண்ணே ஒண்ணு சார் — எங்கயும் ஆஃப் பண்ணிடாதீங்க. போன வண்டி போனபடி நேரா நம்ம கடைக்கு வந்துடணும்."

ஏ.சி. போடவில்லை, பாட்டுப் போடவில்லை. ஹாரன் கூட அடிக்கவில்லை. அது எவ்வளவு எடுக்குமோ, யார் கண்டது? எதிரில் ஆட்டு மந்தை வந்தபோது கண்ணாடியை இறக்கி, கையால் கதவைத் தட்டிக்கொண்டே போனேன்.

களத்தில் ஸ்டெல்லா குவியலின் மேல் நின்றுகொண்டிருந்தாள். பாதி மூடியிருந்தது. மீதிப் பாதி வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. குவியலை ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்தினேன். இறங்கினேன். படுதாவை இழுத்தோம்.

காற்று சும்மா இருக்குமா? ஒரு முனையைப் பிடித்தால் மறு முனை பறக்கிறது. ஸ்டெல்லா யோசிக்கவே இல்லை. பறந்த முனையின் மேல் அப்படியே குப்புறப் படுத்துவிட்டாள்.

"கல்லு வைண்ணே! பாத்துக்கிட்டு நிக்காத!"

செங்கல், மண் நிரப்பிய சாக்கு, கையில் கிடைத்ததெல்லாம் வைத்தேன். இரண்டாவது படுதாவைப் பிடிக்கப் பக்கத்துக் குவியலிலிருந்து மாரிமுத்து ஓடி வந்தார். அவர் நெல் ஏற்கெனவே மூடியாகிவிட்டது. கடைசிச் சாக்கை வைத்து நிமிரும்போது முதல் துளி கழுத்தில் விழுந்தது. கனமான துளி.

காருக்குள் ஓடினோம், ஸ்டெல்லாவும் நானும். கதவைச் சாத்தினோம். என்ன ஒரு அமைதி! மழைச் சத்தம் மட்டும்தான்.

மழைச் சத்தம் மட்டும்தானா?

எஞ்சின் சத்தம் எங்கே?

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். சாவி உள்ளே இருந்தது. கார் ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து வந்த பழக்கம் — வண்டி நின்றதும் கை தானாகச் சாவியைத் திருப்பும், உருவும், பையில் போடும், ஒரு முறை தட்டியும் பார்க்கும். அவ்வளவு காற்றிலும், அவ்வளவு அவசரத்திலும், இவ்வளவையும் ஒழுங்காகச் செய்திருக்கிறேன்.

சாவியைப் போட்டுத் திருப்பினேன். 'டக்.'

ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். சிரிக்க ஆரம்பித்தாள். முகமெல்லாம் தூசி, தலையெல்லாம் உமி, சிரிப்பு மட்டும் நிற்கவே இல்லை. அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. மாப்பிள்ளை, வீடியோவில்.

"என்ன சத்தம் அது?"

"மழைங்க."

"நெல்லு?"

அவள் கண்ணாடியை இறக்கி, மழைக்குள் கையை நீட்டி, போனைக் குவியலின் பக்கம் திருப்பினாள். "பாத்துக்கங்க. ஒரு மணி நனையல."

இருபது நிமிடம் நன்றாக அடித்தது. படுதா மேல் விழுந்த தண்ணீர் வழிந்து ஓரமாக ஓடியது. ஸ்டெல்லா கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். எங்காவது தேங்குகிறதா, எங்காவது உள்ளே இறங்குகிறதா... இல்லை. மெதுவாக சீட்டில் சாய்ந்தாள். நானும்.

மழை விட்டதும் அடுத்த பிரச்சினை. மூட்டை ஏற்ற லாரி உள்ளே வருகிற வழியில், சரியாகக் குறுக்கே, என் கார். மாரிமுத்து சுற்றி வந்து பார்த்தார்.

"என்ன சார், வண்டிக்கும் டோக்கன் போட்டுட்டீங்களா?"

"பேட்டரி போயிடுச்சுங்க..."

"அப்ப ஈரப்பதம் பாத்துட்டுத்தான் எடுப்பாங்க. காய வைங்க!"

களமே சிரித்தது. சிரித்தவர்கள்தான் தள்ளவும் வந்தார்கள். ஐந்து பேர், முட்டிவரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. லாரி டிரைவர் கிளீனர் சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து, "ரெண்டாவது கியரு சார்! கிளச்ச மெதுவா விடுங்க!" என்று மேற்பார்வை பார்த்தார். முதல் தடவை சேற்றில் சறுக்கியது. இரண்டாம் தடவை இருமியது. மூன்றாம் தடவை பிடித்துக்கொண்டது. நான் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டேன். நிறுத்தி நன்றி சொல்லத் தைரியம் இல்லை.

காதர் பாய் கடை. பழையதைக் கழற்றிக்கொண்டே கேட்டார்:

"கார எவ்வளவு ஓட்டுறீங்க சார்?"

"வாரத்துக்கு ஒரு தடவை. ஆனா பேட்டரிக்காக தினமும் ஸ்டார்ட் பண்ணிடுவேன் பாய். ஒரு நாள் விட்டதில்லை."

"எவ்வளவு நேரம் ஓட விடுவீங்க?"

"மூணு நிமிஷம். கரெக்டா."

ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

"ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் பண்ணவும் அது ஒரு மூட்டை தூக்குது சார். மூணு நிமிஷத்துல அதுக்கு ஒரு வாய் கஞ்சி கூடக் கெடைக்காது. நீங்க தினமும் வேலை வாங்கிட்டு, பட்டினியா அனுப்பியிருக்கீங்க."

"அப்போ நானா...?"

"வயசும் ஆச்சுதான்" என்றார், என் முகத்தைப் பார்த்து. "ஆனா இவ்வளவு அவசரப்பட்டிருக்காது."

ஆக, நோட்டில் நான் குறித்து வந்தது பேட்டரியின் ஆரோக்கியத்தை அல்ல. அதை நானே கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்த்த கதையை, தேதியும் நேரமும் போட்டு எழுதியிருக்கிறேன்.

உங்களுக்குப் பயன்படட்டும் என்று பாய் சொன்னதையும் சொல்லிவிடுகிறேன். காரை எடுத்தால் அரை மணி நேரமாவது சாலையில் ஓட்டுங்கள். இல்லையென்றால் தினமும் தொடாமல் இருப்பதே மேல். மூன்று வருடம் தாண்டிய பேட்டரியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கடையில் காட்டி, ஸ்டார்ட் செய்யும்போது எவ்வளவு விழுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். காலையில் எஞ்சின் இழுத்து இழுத்துப் பிடித்தாலோ, ஸ்டார்ட் செய்யும்போது ஹெட்லைட் மங்கினாலோ, மேற்கொண்டு ஆராய்ச்சி வேண்டாம்.

நான் சேர்த்துக்கொள்ள ஒன்றுதான் இருக்கிறது. 'இன்னும் எத்தனை நாள் தாங்கும்?' என்று மூன்று மாதம் கணக்குப் போட்டேன். எந்த நாளில் தாங்கியே ஆக வேண்டும் என்று ஒருமுறையும் யோசிக்கவில்லை. அந்த நாள் என்னுடைய நாளாகக் கூட இருக்க வேண்டியதில்லை. ஐந்து பேர் தள்ளியதால் வீடு வந்து சேர்ந்தேன். ஏழு நிமிடத்தில் ஒருவர் வந்ததால் நெல் தப்பித்தது. என் திட்டத்தில் இவர்களில் ஒருவர் கூட இல்லை.

திங்கட்கிழமை மதியம் ஸ்டெல்லா போன் செய்தாள். குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது.

"எடுத்துட்டாங்கண்ணே. எல்லா மூட்டையும். ஈரப்பதம் பதினாறுதான்."

"மாப்பிள்ளை என்ன சொன்னார்?"

"குத்தகைப் பேச்சையே எடுக்கல. குறுவைக்கு எந்த ரகம் போடப் போறேன்னு கேட்டாரு."

"ரொம்ப சந்தோஷம்மா. சரி, படுதாவ நான் ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கிறேன். கழுவி, மடிச்சு..."

"அது இங்கயே கெடக்கட்டும்ணே."

"எலி கடிச்சுடும் ஸ்டெல்லா. இப்ப புது பேட்டரி போட்டாச்சு, எப்ப கூப்பிட்டாலும் வந்துடுவேன்."

"வா. படுதாவுக்காக வர வேணாம், சாப்பிட வா."